வலை வருகிற வேகத்தில் பாடுங்கள்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சொந்தப் பாட்டோடு வருகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இந்தக் கரையில் எந்த ஊர்ப் பிள்ளைகள் வந்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, நானும் நாட்டுப்புறப் பாட்டு எழுதிப் பாடுறேன். இதையே பிழைப்பா வச்சுக்க முடியுமா?"

முடியும். ஆனால் வரிசை முக்கியம். நான் முதலில் வீடியோ போட்டேன், அப்புறம் மேடை தேடினேன், பாட்டைப் பற்றி யோசித்தது கடைசியில்தான். அதனால் நான்கு வருடம் வீணானது. நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாப் படிக்கும் அடியில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்: நீங்கள் பாடுவதில் ஊருடையது எது, உங்களுடையது எது? இதற்குப் பதில் தெரிந்தால் குரலும் தெளியும், காசும் சரியாக வரும், ஊரில் தலை நிமிர்ந்தும் நடக்கலாம்.

முதல் படி: வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்

ஒரு வருடமாவது கேளுங்கள். நம் கரையில் கேட்பதற்குப் பஞ்சமே இல்லை. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா இருக்கிறது. ஆடியிலும் ஆவணியிலும் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர்ப் பக்கம் போனால் முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். ஏர்வாடி தர்காவில் பக்கீர்கள் தாயிரா என்ற கைப்பறை கொட்டிப் பாடுவதைக் கேட்கலாம். தாலாட்டும் ஒப்பாரியும் எந்தத் தெருவிலும் உண்டு. மாசிக் களரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போனால் விடிய விடிய உட்கார்ந்து கேட்கலாம்.

அம்பாவை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் அந்தக் காலத்தில் கரைவலையில் முன்பாட்டு எடுத்தவர். அவரிடம் போய், எனக்குத் தெரிந்த அம்பாவைப் பாடிக் காட்டினேன். நல்ல குரல் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஒரு கயிற்றைத் தூணில் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்து, "இப்ப இழுத்துக்கிட்டே பாடு தாயி" என்றார். இரண்டு வரியில் மூச்சு நின்றுவிட்டது. "நீ பாடுற வேகத்துக்கு வலை வராது" என்றார்.

அன்றைக்குத்தான் புரிந்தது. முன்பாட்டுக்காரர் ஒரு வரி எடுக்கும்போது இழுப்பவர்கள் காலை மணலில் ஊன்றி மூச்சு வாங்குகிறார்கள். 'ஏலேலோ' என்று பின்பாட்டு வரும்போதுதான் கயிறு நகர்கிறது. வரியின் நீளம் என்பது ஒரு மனிதன் மூச்சு வாங்கும் நீளம். வலை கரையை நெருங்க நெருங்க, மீன் பாரம் கூடுவதால் பாட்டும் மாறும். இது எந்தப் பதிவிலும் எனக்குக் கிடைக்காத பாடம். நீங்களும் எந்தப் பாட்டைக் கேட்டாலும் எந்த வேலைக்காக, எந்த இடத்தில் அது பாடப்படுகிறது என்று பாருங்கள். முடிந்தால் அந்த வேலையைச் செய்துகொண்டே பாடிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இழவு வீட்டில் செல்போனை நீட்டி ஒப்பாரி பதிவு செய்யாதீர்கள். அந்தப் பாட்டியிடம் பிறகு ஒரு நாள் போய் உட்கார்ந்து கேளுங்கள், அவரே விரும்பினால் பாடுவார். சாமிப் பாட்டு, தர்கா பாட்டு, கோயில் பாட்டு எதுவானாலும் பாடுகிறவரிடம் அனுமதி கேட்காமல் எடுக்கக் கூடாது.

இரண்டாம் படி: இரண்டு நோட்டு

ஒரு நோட்டில் ஊர்ப் பாட்டு. பாட்டின் முதல் வரி, யார் பாடினார், எந்த ஊர், எந்தத் தேதி, அவர் யாரிடம் கற்றார், வெளியே பாடலாம் என்று சொன்னாரா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். இன்னொரு நோட்டில் உங்கள் பாட்டு. தேதி போட்டு, அடித்தல் திருத்தலோடு, கிழிக்காமல் வைத்திருங்கள். பின்னால் ஒரு வரி யாருடையது என்று சண்டை வந்தால், அடித்துத் திருத்திய அந்தப் பக்கம்தான் உங்களுக்காகப் பேசும். மெட்டு தோன்றியவுடன் செல்போனில் முணுமுணுத்துப் பதிந்து, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: எழுதுவது

இந்தக் கரையிலிருந்து வரும் புதுப் பாட்டில் பாதி அலை, நிலா, படகு, காதலி என்றே இருக்கிறது. கடலைப் பார்க்காதவரும் அப்படி எழுதலாம். நமக்கு என்று இருக்கிற சொல்லைத் தேடுங்கள். நம் பாம்பன் தீவில் பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடக்கிலிருந்து வரும் காற்று வாடை, தென்மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று காற்றுக்கும் தனித்தனிப் பெயர். பாசி எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள், மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பாசிக்கே எத்தனை பெயர் சொல்கிறார்கள் பாருங்கள். வலையில் விழுந்ததற்கு இங்கே பாடு என்று பெயர். படுகிற கஷ்டமும் பாடு. பாடச் சொல்வதும் பாடு. மூன்றையும் ஒரே வரியில் வைத்துப் பாருங்கள், மொழியே பாதி பாட்டை எழுதிக் கொடுத்துவிடும்.

வடிவத்தையும் வேலையிலிருந்தே எடுக்கலாம். பாசி எடுக்கும் அக்கா ஒருவரோடு நான் வத்தை என்ற சின்னப் படகில் போயிருக்கிறேன். பாறை அறுக்காமல் இருக்க விரல் விரலாகத் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்வார், பல்லால் முடிச்சை இறுக்குவார், இடுப்பில் பையைக் கட்டுவார், மூச்சை இழுத்துக்கொண்டு தலைகுப்புற இறங்குவார். மேலே நான் எண்ணிக்கொண்டு இருப்பேன். வெளியே வந்ததும் முதல் மூச்சு ஒரு விசில் மாதிரி வரும். அந்தப் பாட்டை எழுதும்போது நீளமான வரி வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. மூன்று சின்ன வரி, அப்புறம் எட்டு தாளம் வெறும் மௌனம், அப்புறம் ஒரே ஒரு 'ஊ' என்று வைத்ததும் பாட்டு உட்கார்ந்துவிட்டது. மேடையில் அந்த எட்டு தாளத்துக்கும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதிய பாட்டை முதலில் அந்த வேலை தெரிந்தவரிடம் பாடிக் காட்டுங்கள். சொல் தவறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பன்னிரண்டு பாட்டு தேறும்வரை மேடையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதில் நான்கைந்து ஊர்ப் பாட்டாக இருக்கலாம், மற்றது உங்களுடையதாக இருக்கட்டும்.

நான்காம் படி: குரலும் தோலும் உப்பும்

தினமும் ஒரு மணி நேரம் சுருதிப் பெட்டியோடு பாடுங்கள். உங்கள் குரலுக்கு ஒத்த சுருதிக் கட்டை எது என்று கண்டுபிடித்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் மாதிரி உச்சத்தில் பாட வேண்டும் என்று தொண்டையைக் கிழித்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வாத்தியம் விஷயத்தில் கடற்கரைக்காரர்களுக்குத் தனிப் பாடு உண்டு. மாலை ஈரக் காற்றில் பறையின் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலோ காய்ந்த ஓலையோ மூட்டி, தட்டித் தட்டிப் பார்த்துக் காய்ச்ச வேண்டும், அதற்கு நிகழ்ச்சிக்கு முன் அரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வாத்தியத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மைக்கின் வலைத் தலையில் உப்பு படியும். பாடி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். என் முதல் மைக் இது தெரியாமல்தான் செத்தது.

ஐந்தாம் படி: பதிவு

தொடக்கத்திலேயே மதுரைக்கோ சென்னைக்கோ ஸ்டுடியோ தேடி ஓட வேண்டாம். ஒரு நல்ல கண்டென்சர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு ஹெட்போன், ஒரு பழைய லேப்டாப் போதும். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 ஆகப் பதிந்தால் பிறகு எதையும் மீட்க முடியாது. பாடும் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பின்சுவரில் இரண்டு கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். விடியற்காலை நான்கு மணி நல்ல நேரம், படகு இன்ஜின் சத்தம் கேட்காத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையில் வெளியே பதிவு எடுக்க ஆசையா? காற்றைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கச்சான் வீசும் நாளில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் பக்கம் அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் இது அப்படியே நேர்மாறு. மைக்குக்கு ரோம உறை போடாமல் கடற்கரையில் நிற்கவே நிற்காதீர்கள்.

இன்னொன்று. அம்பா போன்ற வேலைப் பாட்டைக் கணினியின் தாளத் துடிப்புக்குள் அடைக்காதீர்கள். அதற்கு மூச்சுதான் தாளம்.

ஆறாம் படி: காகிதம்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

என் மூன்றாம் வருடத்தில் ஒரு ஆடியோ நிறுவனம் நான்கு பாட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. இரண்டு என் பாட்டு, இரண்டு ஊர்ப் பாட்டு. ஒரே பக்க ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலத்தில். 'பாடல், இசை' என்ற இடத்தில் நான்குக்கும் என் பெயர் போட்டிருந்தது. பெருமையாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வருடம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தன் தாத்தா அம்பா பாடுவதை யூடியூபில் போட்டான். அந்த நிறுவனம் உரிமை கோரிய அறிவிப்பு அவனுக்கு வந்தது. தாத்தாவின் பாட்டுக்கே உரிமைக் கோரிக்கை! அந்தக் காகிதத்தில் இருந்தது என் பெயர். அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கோரிக்கையை விலக்க வைக்க மாதக்கணக்கில் அலைந்தேன்.

ஆகவே, தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி ஏதாவது ஒரு வடிவத்தில் பதிந்த அன்றே பாட்டு உங்களுடையது. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்தால் வழக்கில் ஆதாரமாக நிற்கும். வரிகளுக்கும் இசைக்கும் உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 வருடமும் உண்டு. வரியும் இசையும் தனித்தனிப் படைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். ஒலிப்பதிவு இன்னொரு தனி உரிமை, அதற்கு 2,000 ரூபாய். ஆக ஒரே பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது. எதை விற்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பேசுங்கள்.

2012இல் வந்த திருத்தம் நமக்குப் பெரிய பாதுகாப்பு. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் செல்லாது. இன்னும் ஒன்று: ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் பொருள். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று பொருள். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களை எதற்காக நுழைக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். ஆங்கிலக் காகிதம் என்றால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்திருங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் கையெழுத்தே போடாதீர்கள்.

மரபுப் பாட்டைப் பாடினால் 'மரபுப் பாடல், இன்ன ஊர், இன்னாரிடம் கேட்டது' என்று போடுங்கள். நீங்கள் புதிதாகச் சேர்த்த வரியும் இசைக்கோர்ப்பும் மட்டுமே உங்களுடையது. அந்தப் பாட்டில் காசு வந்தால், சொல்லிக் கொடுத்தவருக்கு ஒரு பங்கு போய்ச் சேரட்டும். சட்டத்தில் இது இல்லை. நான் கால்பங்கு கொடுக்கிறேன்.

சொந்தப் பாட்டு எழுதும் எல்லோரும் மும்பையிலுள்ள ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிந்துவிடுங்கள். வானொலி, மேடை, இணையம் என்று பாட்டு ஒலிக்கும் இடங்களிலிருந்து வசூலிக்கும் தொகையில் உங்கள் பங்கு அப்படித்தான் வரும்.

ஏழாம் படி: வெளியிடுவது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் பாட்டு ஏற விநியோகத் தளம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடக் கட்டணம் வாங்கும், சிடி பேபி ஒரு தடவை கட்டணமும் வருமானத்தில் ஒரு பங்கும் எடுக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று பாட்டுதான் என்றால் இரண்டாவது வகை நிம்மதி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியை அவர்களே தருவார்கள், நோட்டில் குறித்து வையுங்கள்.

ஏற்றும்போது, சொந்தப் பாட்டா, மரபுப் பாட்டா என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். ஒரே பாட்டை யார் போட்டாலும் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் மரபுப் பாட்டைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்: உங்கள் பெயரில் இன்னொரு தாத்தாவின் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை போகும்.

வருமானத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் காசு. இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இணையத்தில் உள்ள பாட்டு, மேடைக்கு அழைப்பு வாங்கித் தரும் முகவரிச் சீட்டு மாதிரி. சோறு போடுவது மேடைதான்.

எட்டாம் படி: மேடை, மைக்செட், அச்சாரம்

ஊர்த் திருவிழா மேடையில் இன்றும் பல இடத்தில் குழாய் ரேடியோ என்ற கூம்பு ஒலிபெருக்கிதான். அதில் அடித்தொனி வராது. தவில் தட்டுச் சத்தமாகிவிடும், குரலின் நடுப்பகுதி மட்டும் கூராகக் கேட்கும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள், சொல்லைக் கடித்துப் பாடாமல் திறந்து பாடுங்கள். மைக்செட் காரரை ஒரு மணி நேரம் முன்னால் போய்ப் பாருங்கள், அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அன்றைய இரவு உங்கள் குரல் அவர் கையில்தான் இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், நல்ல பாட்டுகளைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

சம்பளம் எப்படிக் கேட்பது? முதலில் செலவைப் போடுங்கள். உதாரணத்துக்கு 25,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 6,000, வாசிக்கும் நான்கு பேருக்கு ஆளுக்கு 2,500 வீதம் 10,000, சாப்பாட்டுக்கு 1,500. மிச்சம் 7,500. அதில் ஆயிரத்து ஐந்நூறை அடுத்த பதிவுக்கு ஒதுக்கினால் உங்கள் கையில் 6,000. இது கட்டுப்படியாகுமா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். செட்டில் வாசிப்பவர்களுக்கு அன்றிரவே கொடுத்துவிட வேண்டும், கமிட்டிக்காரர் இழுத்தடித்தாலும் சரி.

அச்சாரம் பாதியாவது வாங்குங்கள். தேதி, நேரம், தொகை, மீதியை எப்போது தருவார்கள், மழை வந்தால் என்ன என்பதை வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்குங்கள். பெண்கள் இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: திரும்பி வர வண்டி, உடை மாற்றப் பூட்டுள்ள அறை, கழிப்பறை. கேட்கத் தயங்காதீர்கள். நான் கேட்க ஆரம்பித்தபின் இரண்டு கமிட்டி என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியது, பத்து கமிட்டி ஏற்பாடு செய்து கொடுத்தது.

நிறுவனங்களிடம் பாடப் போனால் பான் எண் வேண்டும், பணத்தில் 10% வரியாகப் பிடித்துக் கொடுக்கலாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவர்களுக்கு அது திரும்பி வரும். நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்குக் கலைஞர் வாங்கும் சம்பளம் ஒன்றரை லட்சம் ரூபாய்வரை ஜிஎஸ்டி கிடையாது. இதைத் தெரியாமல் கேட்கும் கணக்காளர்களிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: வானொலியும் அரசுக் கதவுகளும்

பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இயங்குகிறது. மீனவர்களுக்கான வானொலி. உங்கள் முதல் பாட்டை அங்கே கொண்டுபோங்கள். படகில் கேட்பவர்களே இந்தப் பாட்டுக்கு நீதிபதிகள். அகில இந்திய வானொலியில் நாட்டுப்புற இசைக்குக் குரல் தேர்வு உண்டு, நமக்கு மதுரை நிலையம் பக்கம். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்திலிருந்து கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடித்தான் தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் குரலுக்கு இல்லை.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகி அட்டை வாங்குங்கள். அரசு நிகழ்ச்சிக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள். மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாக விருது தருகிறது: 18 வயதுவரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, அதற்கு மேல் கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி. நிகழ்ச்சி நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்கு, புகைப்படம் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால்தான் இதற்கெல்லாம் விண்ணப்பிக்க முடியும். 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கிறது: மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் வெளிமாநில மேடைகளுக்கு வழி.

பத்தாம் படி: வருடத்தைப் பிரிப்பது

தை முதல் பங்குனிவரை பொங்கல், களரி, மாரியம்மன் கோயில் என்று வேலை இருக்கும். ஆடி, ஆவணியில் மறுபடி. தர்கா சந்தனக்கூடு பிறைக் கணக்கில் நகரும், சர்ச் திருவிழா ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டரில் எந்தத் திருவிழா எப்போது என்று ஒரு காலண்டர் போடுங்கள். இரண்டு மாதம் முன்பே கமிட்டிக்காரர்களைப் பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை, 61 நாள், விசைப்படகுக்குத் தடைக்காலம். மீனவர் ஊர்களில் கையில் காசு இருக்காது, கச்சேரி கேட்டுப் போகாதீர்கள். ஆனால் படகு கரையில் ஏறிவிட்டது, பெரியவர்கள் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். நோட்டையும் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு போக இதைவிட நல்ல காலம் கிடையாது. வருடம் முழுவதும் பாடுவதற்கான சரக்கை நான் சேர்ப்பது இந்த இரண்டு மாதத்தில்தான்.

போகும்போது போன வருடம் பதிந்ததையும் எடுத்துப் போங்கள். சொல்லிக் கொடுத்தவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள், அப்புறம்தான் வெளியீடு. எங்கள் பெரியப்பாவுக்கு அம்பாப் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் இல்லாத கயிற்றை இழுப்பது மாதிரி விரலை மடக்கி விரித்துக்கொண்டே கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். முதல் இடத்தில் ஒரு சொல் தவறு, அதை அன்றே திருத்திவிட்டேன். இரண்டாவது இடம், வலை கரை தொடுகிற நேரத்தில் பின்பாட்டு ஒரு இம்மி முந்தி வர வேண்டும் என்றார். அது இன்னும் எனக்குக் கைவரவில்லை. இந்தத் தடைக்காலத்தில் மறுபடி போகப் போகிறேன், கயிறும் கொண்டு.